தேக்கில் கசிந்த சிவப்பு

அந்தமான் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? பேம்பூ ஃப்ளாட் போகும் ஃபெர்ரிக்காக ஜெட்டியில் நின்றிருந்த உமா மகேஸ்வரி, கையிலிருந்த பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் கட்டியிருந்த பழைய படகின் தார்ப்பாய்க்கு அடியில் தாவினாள்.

"அரே... ஹீல்ஸ்! ஹீல்ஸ கழட்டுங்க!"

டெக்கில் மண்டியிட்டிருந்தவன் நிமிர்ந்தான். புருவத்தில் மரத்தூள். அதற்குக் கீழே மழைக்கால மேகம் மாதிரி இரண்டு கண்கள்... ஐயோ, இப்படிக் கண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தன் இப்படியா கத்துவான்?

"தங்கத்துல தரை போட்டிருக்கீங்களோ?"

"தேக்கு. வயசான தேக்கு. ஆளுங்க நடந்து நடந்து பலகை தேஞ்சு, ஸ்க்ரூ தலையெல்லாம் எட்டிப் பாக்குது."

ஸ்க்ரூவை ஆழமாக இறக்கி, மேலே வட்டத் தக்கை வைத்து அடைக்க வேண்டுமாம். தக்கைதான் பற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெயின்லேண்ட் டூரிஸ்ட் கோஷ்டியோடு சீசனின் முதல் சவாரி.

உமா பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே சிவக்கச் சிவக்க மரத்தக்கைகள். "படாக் மரம். ஷாதிபூர்ல எங்கப்பாவோட ஃபர்னிச்சர் பட்டறைல செஞ்சது. ஒரு கட்டில் வேலைக்குக் கொண்டு போறேன், வேற செஞ்சுக்கலாம். எடுத்துக்கங்க."

அவன் தக்கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி தக்கையைப் பார்த்தான்.

"இதையா?"

"ஏன், படாக்குக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்ல... ரொம்ப நல்லாருக்கு."

அவள் தக்கையை எடுத்துக் கொடுக்க, அவன் பசை தடவி அடித்தான். பலகையின் இழையும் தக்கையின் இழையும் ஒரே திசையில் ஓட வேண்டும் என்றான். பெயர் சுரேந்திரன், ஊர் ரங்கத், படகு சொந்தப் படகு. ஃபெர்ரி வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாள் காலை ஜெட்டிக்கு வந்தவள் திக்கென்று நின்றாள். இரவெல்லாம் பெய்த மழையில் ஒவ்வொரு தக்கையும் சாயம் விட்டிருந்தது. யாரோ வெற்றிலை போட்டு டெக் முழுக்கத் துப்பி வைத்த மாதிரி... பாலிஷ் போட்ட படாக் கட்டிலையும் நாற்காலியையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, பச்சையாக நனைந்தால் அது இப்படி அழும் என்று எப்படித் தெரியும்?

அவன் முகத்தில் எப்படி விழிப்பது? திரும்பி ஓடியே போனாள்.

விஷயத்தைக் கேட்ட அப்பா பாலசுப்பிரமணியத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தேக்கு டெக்குல படாக்க வச்சது அவன் தப்பு. ஆனா நம்ம மரத்தத்தான் குறை சொல்லுவான். அவன் பக்கம் நீ போகக்கூடாது!"

இரண்டு நாள் அப்பா பேச்சையே சாக்காக வைத்து வீட்டுக்குள் ஒளிந்துகொண்டாள். சனிக்கிழமை அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பட்டறையில் தேக்குத் துண்டுகளை எடுத்துத் தக்கை கடைந்தாள். "தப்பு என்னோடதுப்பா," என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

சுரேந்திரன் உளியால் தக்கைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் சிவப்பு.

"திட்டணும்னா திட்டிடுங்க. சாயம் விடும்னு எனக்குத் தெரியாது... சத்தியமா."

"எனக்குத் தெரியுமே."

அவள் விழித்தாள்.

"ரங்கத்துல எங்க வீட்டுக் கதவே படாக்தாங்க. மழை பெஞ்சா வாசப்படியெல்லாம் சிவப்பு."

"தெரிஞ்சேவா வச்சீங்க? பாகல் ஹோ க்யா? பைத்தியமா?"

"வேணாம்னு சொல்லியிருந்தா அடுத்த ஃபெர்ரில போயிருப்பீங்க..." அவன் குரல் இறங்கியது. "சவாரி கைவிட்டுப் போனாலும் பரவால்லன்னு இருந்தேன். நீங்க வராததுதான் பயமாப் போச்சு."

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தேக்குத் தக்கைகளைக் கொட்டினாள்.

"நாளைக்கு நீங்களும் வரீங்களா?"

"டூரிஸ்ட்டாவா?"

"இல்ல... என் கூட. எப்பவும். உங்கப்பாகிட்ட நானே வந்து பேசறேன்."

"படாக்க மட்டும் குறை சொல்லிடாதீங்க."

"அப்ப... உங்களுக்குச் சம்மதமா?"

உமா ஒரு தேக்குத் தக்கையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. இதுக்கு மேல எப்படிச் சொல்றது? உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். சுரேந்திரன் உளியைக் கீழே வைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.