மேலிருந்து எடுத்த படம்

தகட்டின் கீழ்மூலையில் ஒரு சதுரம் இருந்தது.

சிவப்பு விளக்கின் மங்கலில் படம் கழுவும் டெவலப்பர் தொட்டியை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்த ஞானராஜ், முதலில் அதைத் தூசி என்றுதான் நினைத்தான். கண்ணாடித் தகட்டில் நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, அவன் இரண்டு மாதமாகத் துரத்திக்கொண்டிருந்த அந்த ஒளிமேகம், கலைவதற்கு முன் ஒரு கணம் தயங்கி நிற்கும் ஊதுவத்திப் புகையைப் போல, கடைசியில் அவன் கைக்கு வந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் மேகத்துக்கும் கீழே, வானத்தில் எதற்குமே இல்லாத நேர்க்கோடுகளோடு, அரிசி அளவில் அந்தச் சதுரம். அதற்குள் ஒரு சின்ன வட்டம்.

ஈர விரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. மேலே ஒட்டியது இல்லை அது. தகட்டுக்குள் பதிந்திருந்தது.

அது 1943 ஜனவரி. யுத்தத்துக்குப் பயந்து விழுப்புரம் ஜங்ஷன் விளக்குகளுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்தார்கள். வளவனூர் ரோட்டில் கடைசி வீடான ஞானராஜின் வீட்டுக் கொல்லையில் எட்டு மணிக்கே கை தெரியாத இருட்டு. ஊருக்கு அது பயம், ஞானராஜுக்கு வரம். கடைத்தெருவில் அவனுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. கல்யாணங்களைவிடச் சாவு வீடுகளுக்குத்தான் அவனை அதிகம் கூப்பிடுவார்கள், நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்த பிணத்தைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படமெடுக்க. தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ரயில்வே என்ஜினீயர் ஒருவர் தன் டெலஸ்கோப்பை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகும்போது சிரித்தார். "பொணத்தைப் படம் புடிக்கறவனுக்கு இது எதுக்கு? நட்சத்திரம் அசையும்பா."

அந்தச் சிரிப்பு அவனுக்குள் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. ஒரே ஒரு படம். நல்ல படமாக வந்தால் திண்டிவனத்தில் இருக்கும் சயன்ஸ் வாத்தியார் அரங்கநாதன் அதை மதராஸ் பத்திரிகைக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தார். அடியில் அவன் பேர் வரும்.

டெலஸ்கோப்பின் முதுகில் கேமராவைக் கட்டிவிடுவான். கேமராவின் வாய் திறந்தபடி ஒரு மணி நேரம் வானத்தைப் பார்த்திருக்கும். வானம் மேற்கே நகர்ந்துகொண்டே இருப்பதால், டெலஸ்கோப்பில் கண் வைத்து, அதற்குள் ஒட்டியிருந்த இரண்டு மயிரிழைகள் குறுக்கிடும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது விலக விலகப் பக்கத்துத் திருகை இம்மியளவு திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தலை அசையக் கூடாது. கண் எடுக்கக் கூடாது. பக்கத்தில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இருட்டில் முள் ஒளிரும் டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒருதரம் நேரம் சொல்வாள் அவன் மனைவி சூசை மேரி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒருநாள்கூட அந்தக் குழாயில் அவளைப் பார்க்கவிட்டதில்லை அவன்.

இரண்டாம் நாள் தகட்டில் சதுரம் தீப்பெட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒளிமேகம் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது.

மூன்றாம் நாள் தகட்டில் நட்சத்திரமே இல்லை.

தலைகீழான வெளிச்சத்தைப் படிக்கப் பழகிய கண்கள் அவனுடையவை. தகட்டில் கறுப்பாக இருப்பது நிஜத்தில் வெள்ளை, வெறும் கண்ணாடியாக நிற்பது நிஜத்தில் இருட்டு. எனவே அது என்னவென்று புரிய அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சதுரம், கொல்லையின் மதில். வட்டம், கிணறு. கிணற்றுத் தண்ணீரில் மிதக்கும் ஒரு நட்சத்திரம்கூடத் தெரிந்தது. கொடியில் அவள் எடுக்க மறந்த வேட்டி. முக்காலியில் ஒருவன் குழாயின் மேல் குனிந்திருந்தான், பக்கத்தில் ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாமே மேலிருந்து. பனைமர உயரத்திலிருந்து. படத்தின் நட்ட நடுவில் குனிந்திருந்தவனின் உச்சந்தலை.

"இன்னாங்க, வந்திச்சா?" வீட்டு இருட்டறைக் கதவுக்கு வெளியே மேரி கேட்டாள்.

"வர்ல. பனி" என்றான்.

மறுநாள் மூன்று தகடுகளையும் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு ரயிலேறினான். அரங்கநாதன் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொன்றாகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஏரோப்பிளேன்ல எவனாவது போனானா அன்னிக்கி?"

"இல்லீங்க. என் கேமரா மேல பாத்துக்கினு இருந்திச்சி. இது எப்படி வரும்?"

"மொதல் தகட்டுல எவ்ளோ தூரம். ரெண்டாவதுல பாதி. மூணாவதுல..." அவர் தகடுகளை மேஜையில் வைத்துவிட்டு, தொட்ட விரல்களை வேட்டியில் துடைத்தார். "எறங்கிக்கினு வருது, ஞானராஜ்."

"எதுங்க?"

அவர் மூன்றாவது தகட்டைத் தொடாமல் சுட்டிக் காட்டினார். "நடுவுல இருக்கற தலை யாருது?"

"என்னுது."

"அப்ப கண்ணு வச்சிப் பாக்கறவங்க தலைக்கு நேரா வருது. நீங்க அதைப் பாக்கறீங்க, அது உங்களைப் பாக்குது. போதும், உட்டுடுங்க. அந்தக் குழாயைக் கொண்டுபோய்க் கிணத்துல போடுங்க. இத இங்க வைக்காதீங்க, எடுத்துக்கினு போயிடுங்க."

ரயில் மயிலம் தாண்டும்வரை ஞானராஜ் அப்படித்தான் செய்வதாக இருந்தான். பேரணியில் நின்றபோது, வீட்டில் இன்னும் படமெடுக்காத ஒரே ஒரு தகடு மிச்சம் என்பது ஞாபகம் வந்தது. யுத்தம் முடியும்வரை வேறு கிடைக்காது. விக்கிரவாண்டியில், இதுவரை உலகத்தில் யாரும் எடுக்காத படம் அல்லவா இது என்று தோன்றியது. அடுத்த தகட்டில் இன்னும் கிட்டத்தில், எல்லாம் எவ்வளவு துல்லியமாக இருக்கும். எந்த என்ஜினீயர் சிரிப்பான் பார்க்கலாம். முண்டியம்பாக்கத்தில் வண்டி கூவியபோது, நடுவில் இருப்பது தன் தலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று நினைத்தான். நினைத்ததும் மடியிலிருந்த தகடுகளைப் பெஞ்சில் தள்ளி வைத்தான். பிறகு மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு நடந்து போகும்போது அவனுக்குப் பசித்தது.

"மேரி, இன்னிக்கி நீ பாரு" என்றான்.

மேரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நானா? நெசமாவா?"

"எனக்குக் கண்ணு வலி."

அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்க்காமலிருக்க முயன்றான். முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டையை இறுக்கி முடிந்து, சின்னப் பெண்ணைப் போல ஓடிப்போய் முக்காலியில் உட்கார்ந்தாள். குனிவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் மயிரிழைகளைக் காட்டி, திருகைக் கையில் கொடுத்து, கேமராவின் மூடியைக் கழற்றிவிட்டுப் பின்னோக்கியே நடந்து வந்து, தாழ்வாரத்து ஓட்டுக்கடியில், சுவரோடு சுவராக நின்றுகொண்டான்.

"ஐயோ, எவ்ளோ அழகா கீதுங்க" என்றாள் இருட்டிலிருந்து.

முதல் கால் மணி நேரம், கொல்லைக்கு அப்பால் கரும்புத் தோட்டத்தில் தவளைகள் ஓயாமல் கத்தின, ஈர மண்ணும் கரும்புச் சோகையும் கலந்த வாசனை மதிலைத் தாண்டி வந்தது, திருகின் பல் சக்கரம் அவள் கையில் மெல்லிய பூச்சியைப் போலக் கிர், கிர் என்றது. இரண்டாவது கால் மணியில் தவளைகள் மதிலை ஒட்டியிருந்தவை முதலாக, ஒவ்வொரு வயலாக, தூரத்துத் தவளைகள் வரைக்கும் வரிசையாக நின்றுபோயின. வாசனை மாறியது. பழைய கிணற்றைத் தூர் வாரும்போது அடிச் சேற்றிலிருந்து எழுமே, வெயிலே படாத ஒரு குளிர்ந்த வாடை, அது மேலிருந்து இறங்கியது.

"இன்னாங்க."

"சொல்லு."

"நட்சத்திரம் கண்ணு கொட்டுதுங்க."

"பனி அது. கண்ணை எடுக்காத."

கிர். கிர்.

கொடியில் தொங்கிய வேட்டி ஆடவில்லை. காற்றே இல்லை. ஆனால் மேரியின் நெற்றியோர மயிர் அசைவது இருட்டுக்குப் பழகிய அவன் கண்ணுக்கு நட்சத்திர ஒளியில் தெரிந்தது. மேலிருந்து கீழாக. விட்டு விட்டு.

"யாரோ மூச்சு உடறாங்க" என்றாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "என் தலை மேல. நீங்களா?"

"நான் இங்க கீறேன். அசையாத."

"பயமா கீதுங்க. எழுந்துக்கவா?"

"இன்னும் இருபது நிமிஷம். அசைஞ்சா எல்லாம் போச்சு."

"இங்க வந்து பக்கத்துல நில்லுங்களேன்."

அவன் ஓட்டுக்கு வெளியே ஒரு காலை வைத்தான். பாதத்தின் மேல் அந்தக் குளிர் பட்டது. காலை இழுத்துக்கொண்டான்.

"டைம் பாக்கணும். நீ திருப்பு."

அவள் அழுதாள். அழுதுகொண்டே திருப்பினாள். வாய்க்குள் மாதாவின் மன்றாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் தடுக்கி, முதலிலிருந்து மறுபடி. டைம்பீஸின் ஒளிரும் முள்ளைப் பார்த்தபடியே அவன் நின்றான். பத்து நிமிஷம். கிர். எட்டு. கிர். ஜெபம் நின்றது. ஐந்து. தன் உயிர் பத்திரமாக ஓட்டுக்கடியில் இருக்கிறது என்ற ஒரு இதமான நினைப்பு அவன் நெஞ்சில் பரவியது. அதற்காக வெட்கப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"ஆச்சு. மூடியைப் போடு. தகட்டுப் பெட்டியைக் கழட்டிக்கினு வா."

அவள் வந்தாள். தாடை நெஞ்சில் புதைந்திருக்க, தரையைப் பார்த்தபடியே தடுமாறி வந்தாள்.

"கழுத்து நிமிரலீங்க. எதுவோ அழுத்திக்கினே கீது. பின்னால பாருங்க, இன்னா கீது?"

அவள் பிடரியில் ஒன்றும் இல்லை. ஆனால் கொண்டை ஒரு பக்கமாக நசுங்கி, தோல் குழிந்து, மயிர்கள் அழுந்தியே கிடந்தன, கனமான எதுவோ இன்னும் அங்கே இருப்பது போல. அவள் கையை நீட்டினாள். அவன் கையைத் தொடாமல் தகட்டுப் பெட்டியை மட்டும் பிடுங்கிக்கொண்டு இருட்டறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டான்.

"இன்னாங்க! ஏங்க தாப்பா போடறீங்க?"

"வெளிச்சம் வரும்."

சிவப்பு விளக்கை ஏற்றினான். தொட்டியில் டெவலப்பரை ஊற்றினான். தகட்டை அதற்குள் இறக்கினான். குனிந்து ஆட்டினான். மேரியின் உச்சந்தலை வரும். பெரிதாக. ஒவ்வொரு மயிரும் தெரியும். வரட்டும்.

முதலில் ஒரு மூலை வந்தது. மதில் இல்லை. கிணறும் இல்லை.

அலமாரி.

அலமாரியில் புட்டிகள். ஆணியில் தொங்கும் துண்டு. ஒரு மேஜை, மேஜையில் ஒரு தொட்டி, தொட்டிக்கு இருபுறமும் இரண்டு கைகள்.

இந்த அறை. கூரையிலிருந்து. இப்போது குனிந்து பார்ப்பது அவன்.

கதவுக்கு வெளியே விசும்பல் சட்டென்று நின்றது. ஒரு நீண்ட மூச்சு.

"போயிடிச்சிங்க!" மேரி சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். "பாரம் போயிடிச்சி. கழுத்து நிமிர்ந்திடிச்சி. இப்பதான், இந்த நிமிஷம்தான். மாதாவே... இன்னாங்க? கேக்குதா?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். மயிர்க்கால்களில் ஒரு மூச்சு பட்டது. மேலிருந்து கீழாக. கிணற்றடி வாடை.

நிமிரப் பார்த்தான்.

முடியவில்லை.

"உள்ள நீங்க மட்டும்தான கீறீங்க?" என்றாள் மேரி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "யாரு அது மூச்சு உடறது? தொறங்க. தொறங்க!"

கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினான், விரல் நுனி காற்றைத்தான் தொட்டது. கழுத்து வளைந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். தாடை நெஞ்சில் அழுந்த, அப்புறம் தோள்கள், அப்புறம் முதுகு. மூக்கு நுனியில் டெவலப்பர் பட்டது. எரிந்தது. பிறகு உதடு.

கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே தகடு முழுசாகத் தெளிந்துவிட்டிருந்தது. அவன் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே துல்லியமானது. குனிந்த ஒரு தலை, சட்டைக் காலர், காலருக்கு மேலே பிடரி. பிடரியைச் சுற்றி, படமே விழாத வெறும் கண்ணாடியாக, ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு நீண்ட விரல்கள். திரவத்துக்கடியில், அவன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்பதாவது விரல் நிதானமாக மடங்கி வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.