உப்பு பங்களா

மகாபலிபுரம் போகலாம் என்று பெர்சிஸ் எத்தனையோ வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் நோயலுக்கு ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. அதில் பாதியை அவன் தூங்கியே தீர்த்துவிட்டான்.

"இனிமே அவ்ளோ தூரம் போயி இன்னா பண்றது? நம்ம ஏரியாலயே பழைய எடம் எத்தினி கீது. காட்றேன் வா" என்று பைக்கைக் கிளப்பினான்.

எதுவுமே சரியாக அமையவில்லை. ராயபுரம் பழைய ரயில் ஸ்டேஷனில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சர்ச்சில் கல்யாணம், உள்ளே கால் வைக்க இடமில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் டிரெய்லர் லாரிகள் வரிசையாக மறித்து நின்றன. பெர்சிஸின் மஞ்சள் சுடிதார் எண்ணூர் போய்ச் சேருமுன் சாம்பல் நிறமாகிவிட்டது.

"நா மகாபலிபுரம் கேட்டா, நீ லாரி டயர காட்டினு கீற."

"வாய மூடினு வரியா? புகை உள்ள போவுது."

முகத்துவாரத்தை ஒட்டி, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எதிரே நின்றது அந்தக் கட்டடம். பாதிக் கூரை இல்லை. சுவரெல்லாம் உப்புப் பூத்து வெள்ளைப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த மதில், படகு, கருவேல மரம் என எல்லாவற்றின் மீதும் வலைகள் காய்ந்தன. அந்தக் கட்டடத்தின் மீது மட்டும் ஒன்றுகூட இல்லை.

"வெள்ளக்காரன் காலத்துல உப்பு வேவாரம் பண்ண தொரையோட பங்களா. படகுல போகசொல்லோ எங்கப்பா காட்டுவாரு" என்றான் நோயல்.

"கல்யாணம் ஆயி என்ன தனியா கூட்டினு வந்த ஒரே நாளு. அதுவும் இந்த கலீஜுக்கு."

"புடிக்கலன்னா ஏறு. போலாம்."

"வந்தாச்சில்ல? நீ இங்கயே நில்லு. உன்னோட வந்தா அதுவும் வெளங்காது. நானே பாத்துட்டு வரேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். நோயல் பைக்கில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. சிகரெட் தீர்ந்தது. அவள் வரவில்லை.

"பெர்சி!"

"வரேன்" என்றது உள்ளிருந்து அவள் குரல்.

வரவில்லை. வேண்டுமென்றே காக்கவைக்கிறாள் என்று நினைத்தான். மறுபடி கூப்பிட்டான்.

"வரேன்."

அதே குரல். அதே இழுப்பு. கோபம் தலைக்கேற, பைக் சாவியைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

வாசலைத் தாண்டியதும் அலைச்சத்தம் நின்றுபோனது.

வெளியே அத்தனை வெயில். உள்ளே ஈரக் குளிர். நாள்பட்ட கிணற்றைத் தூர் வாரும்போது எழும் வாடை மூக்கில் ஏறியது. முதல் அறை காலி. இரண்டாவதும் காலி.

"எங்கடி கீற?"

"வரேன்." அடுத்த அறையிலிருந்து.

அடுத்த அறைக்குப் போனான். அங்கும் யாருமில்லை. குரல் இப்போது அவன் விட்டுவந்த அறையிலிருந்து வந்தது.

"வரேன்."

"வெளாடாத பெர்சி! பேஜாரு பண்ணாம வா. வூட்டுக்குப் போலாம்!"

 மிக மெதுவாக, முதல் தடவையாக வேறொரு சொல் கேட்டது.

"வூட்டுக்கா?"

அந்தக் குரலில் அத்தனை ஆசை இருந்தது.

அப்போது அவன் போன் அடித்தது. திரையில் பெர்சிஸின் பெயர்.

"யோவ், எங்க கீற? பின்பக்கமா வெளிய வந்து படகாண்ட எவ்ளோ நேரமா நிக்கறேன். நண்டு கூட வாங்கிட்டேன். பைக்காண்ட பாத்தா ஆளையே காணோம்!"

நோயல் தரையைப் பார்த்தான். அந்த அறையின் உப்புப் படிந்த தரையில் அவன் செருப்புத் தடம் மட்டுமே இருந்தது.

கழுத்தோரம் ஈரக் காற்று பட்டது.

"வரேன்."

அவன் ஓடினான்.

படகுத்துறையில் பெர்சிஸ் ஒரு பையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த குப்பத்துப் பெண் பவுனம்மாள், மூச்சு வாங்க வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பங்களா உள்ளயா போன? யாரையாச்சும் கூப்ட்டியா நைனா?"

"இவளத்தான்... உள்ள கீறான்னு நெனச்சி."

"எங்க வான்னு கூப்ட்ட?"

நோயல் பங்களாவைத் திரும்பிப் பார்த்தான். பவுனம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு குப்பத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

"இன்னாயா சொல்லுது அந்தம்மா?"

"ஏறு. மொதல்ல ஏறு."

அவள் கையைப் பிடித்து இழுத்தான். பைக்கை அவன் ஓட்டிய வேகத்தில் பெர்சிஸ் இரண்டு தடவை அலறினாள். ஒரு டிரெய்லருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே புகுந்து வந்தபோது அவன் முதுகில் குத்தினாள். திருவொற்றியூர் சிக்னலில் வண்டி நின்றதும் குதித்து இறங்கிவிட்டாள்.

"சாவணும்னா நீ தனியா போயி சாவு. நா பஸ்ல வரேன்."

"பெர்சி, சொல்றத கேளு. உள்ள உன் கொரல்ல..."

"ஒண்ணும் கேக்க வேணாம். இன்னிக்கி கேட்டதே போதும்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே ஓட்டினான். லாரிகளுக்கு நடுவில் பஸ் மறைந்துவிட்டது.

கல்மண்டபத்தில் அவன் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா சிலுவையம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறைத்தாள்.

"ஒரு நாளு வெளிய போனாகூட ஒயுங்கா போவ மாட்டீங்களாடா? பொண்டாட்டிய தனியா அனுப்பிட்டு எங்க சுத்தினு வர?"

"பஸ்ல வர்றாம்மா. வந்துடுவா."

"இன்னாத்த வந்துடுவா? அவ எப்பவோ வந்துட்டா. உள்ள ரூம்ல படுத்துகினு கீறா. லைட்ட போடாதீங்க அத்தன்னா. தலையெல்லாம் ஒரே ஈரம். கடல்ல எறக்கி வுட்டியா அவள?"

நோயலின் போன் அடித்தது. எடுத்தான். பஸ் இரைச்சல், கண்டக்டரின் விசில், நடுவே பெர்சிஸின் குரல். அதில் இப்போது கோபம் குறைந்திருந்தது.

"தண்டையார்பேட்டைல மாட்டிகினு நிக்குது பஸ்ஸு. அத்தகிட்ட சண்டைன்னு சொல்லாத. நா வந்து பேசிக்கறேன். இன்னா, கேக்குதா?"

 அவன் அம்மாவின் தோளை இறுகப் பற்றி வெளியே இழுத்தான். உரித்த பூண்டு படியில் சிதறியது.

"இன்னாடா பண்ற? கைய வுடு!" என்று உதறிய சிலுவையம்மாள், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "பெர்சிஸு, உன் புருசனுக்கு இன்னாவோ ஆயிட்சி. வந்து பாரும்மா."

இருட்டறைக்குள் யாரோ எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க அத்த" என்றது உள்ளிருந்து. "அவருதான் என்ன கூப்ட்டாரு."

 போனில் பெர்சிஸ் மெதுவாகக் கேட்டாள்.

"நோயலு... யாருயா அது? என் கொரலு மாதிரியே கீது?"

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.