சிவப்பு அம்பு ஒட்டிய ஞாயிறு

"ஏனுங்க... இத ஒட்டுனது நீங்களா?"

குரல் கேட்டுத் திரும்பிய யாழினி முதலில் பார்த்தது அவன் கையைத்தான். உள்ளங்கை நிறையச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். சுவர்ச் சுண்ணாம்போடு உரிந்து, கசங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் அவன் கண்களைப் பார்த்தாள். கோபமான கண்கள். ஆனால் அந்தக் கோபத்திலும் இமைகள் மெதுவாகத்தான் மூடித் திறந்தன...

அவள் பின்னால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பதினான்கு பேர் நின்றார்கள். ரயில் நிலையத்தில் தொடங்கி, காதர்பேட்டை, ஈஸ்வரன் கோயில் வீதி, அரிசிக்கடை வீதி என்று பழைய ஊரைச் சுற்றி நொய்யல் கரையில் முடியும் ஞாயிற்றுக்கிழமை நடை. ஒரு வருடமாகத் தனியாக நடந்து நடந்து அவளே கண்டுபிடித்த வழி. இன்றுதான் முதன்முதலாக ஆட்களைக் கூட்டி வந்திருந்தாள். யாரும் வழி தவறக் கூடாதென்று நேற்று மாலையே திருப்பங்களில் அம்பு ஒட்டி வைத்திருந்தாள். கரைக்கு வந்தால் ஒன்றைக்கூடக் காணோம். பத்து நிமிடமாக ஒரே சந்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஓ... கிழிச்சது நீங்கதானா? உங்களால இத்தனை பேரும் வழி தெரியாம..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஆமாங்க, நான்தான். அம்புங்க அது! வழி காட்டறதுக்கு. இதுல என்ன குத்தம்?"

"வழி காட்டறதுக்கா?"

அவன் சிரித்தான். கண்களுக்குப் போய்ச் சேராத சிரிப்பு.

கூட்டத்தில் மூத்தவரான சிவசுப்பிரமணியம் குறுக்கே வந்தார். "தம்பி, நாங்க காலாற நடக்க வந்தவங்கப்பா. ஓட்டுக் கேட்டு வரல. சித்த பொறுமையாப் பேசு."

"பொறுமையாத்தானுங்க பேசறேன்." அவன் யாழினி அணிந்திருந்த கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தான். "நீங்க பனியன் கம்பெனில என்ன வேலைங்க?"

"மெர்ச்சண்டைசர். ஆர்டர் பாத்துக்கறது."

"அதான். மாடியில வேலை. கீழ செக்கிங் டேபிள்ல இந்த அம்ப எதுக்கு ஒட்டறாங்கன்னு பாத்திருக்கீங்களா? பனியன்ல ஓட்டை இருந்தா, ஆயில் கறை இருந்தா, அந்த எடத்துல ஒட்டுவாங்க. ஒட்டுன பீஸ் தனியாப் போயிரும். இந்த லைன்ல இருபத்தி மூணு ஊடு. அத்தனை ஊட்லயும் கம்பெனிக்குப் போறவங்க. நீங்க ஒம்பது ஊட்டுச் செவுத்துல ஒட்டியிருக்கீங்க. ஒட்டுன ஊடு இடிபடும், ஒட்டாத ஊடு நிக்கும்னு காலையில இருந்து அழுதுட்டிருக்காங்க."

யாழினி அவன் கையிலிருந்த அம்புகளைப் பார்த்தாள். அவள் மேஜை இழுப்பறையில் எப்போதும் கிடக்கும் ரோல் அது. அழகான சிவப்பு. அழகான அம்பு. அதைத் தாண்டி எதுவும் அவளுக்குத் தோன்றியதே இல்லை...

"வாங்க. வந்து பாருங்க."

அவன் பெயர் இளங்கோ. அவன் வீட்டு வாசலில் மூன்று மூட்டைகள் கிடந்தன. பெட்ஷீட்டில் கட்டிய துணிகள், பாத்திரங்கள். அவற்றின் நடுவே சுவரிலிருந்து கழற்றிய ஒரு போட்டோவை நெஞ்சோடு அணைத்தபடி அவன் அம்மா மருதாள் உட்கார்ந்திருந்தாள். தொப்பிக்காரர்களைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். யாழினியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அம்முணி... அளக்க வந்துட்டீங்களா? ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க சாமி. பீரோவ மட்டும் எறக்கிக்கறோமுங்க."

யாழினி அவசரமாக அருகில் போனாள். கும்பிட்ட அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நூல் தூசு படிந்து காய்ந்த விரல்கள். "இல்லீங்கம்மா... இடிக்கறதுக்கு இல்லீங்க. நான்தான்... தெரியாம ஒட்டிட்டேன். யாரும் வர மாட்டாங்க..."

மருதாள் நம்பவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் தலையசைத்த பிறகுதான் தரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

சந்தின் முனையில் இளங்கோ தாழ்ந்த குரலில் சொன்னான். "பதினோரு வருசத்துக்கு முன்ன வேற கரையில இருந்தோமுங்க. யாரோ வந்து செவுத்துல நம்பர் எழுதிட்டுப் போனாங்க. நாலே நாள்ல ஊடு இல்ல. அஞ்சாம் நாளு, எறக்கி வெச்ச சாமான் மேல உக்காந்திருந்த எங்கப்பா வெள்ளையன் எந்திரிக்கவே இல்ல. அம்மா கையில இருக்கறது அவரு போட்டோதான்."

யாழினி அழுதாள். பதினான்கு பேர் முன்னால், வெட்கமில்லாமல்.

"அழுது என்னங்க ஆவப் போவுது? இருபத்தி மூணு ஊட்லயும் நீங்களே போய்ச் சொல்லணும்."

சொன்னாள். ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னாள். ராக்கம்மாள் என்ற பெண், "படிச்ச பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" என்று வாய் ஓயும்வரை திட்டிவிட்டு, கடைசியில் மோர் கொடுத்தாள். இளங்கோ கூடவே வந்தான். ஒரு வார்த்தை உதவி செய்யவில்லை. ஆனால் கடைசி வீட்டுப் படியில் அவள் கால் தடுமாறியபோது, தொடாமல், பிடிப்பதற்குத் தயாராக ஒரு கை நீண்டது... அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். மருதாளுக்குக் கொஞ்சம் ஆரஞ்சு வாங்கி வந்ததாகச் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு, சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னாள்.

"பெருமாநல்லூர்ல இருந்து சும்மா இந்தப் பக்கமுங்களா?" இளங்கோவின் இமைகள் மெதுவாக மூடித் திறந்தன. "பஸ் ஏதாவது வழி தவறிருச்சுங்களா?"

"வழி தவறினா சொல்லிக் குடுக்கத்தான் ஆளிருக்கே."

அவன் வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். துணியை எப்படி வெட்டினால் உடம்புக்குப் பொருந்தும் என்று அட்டையில் வரைபவன். அவளுடைய நடைவழி வரைபடத்தையும் அப்படித்தான் பார்த்தான்.

"மேப்ல சரியா இருக்குங்க. கால்ல சரியா இல்ல. இந்த எடத்துல வெயில் மூஞ்சில அடிக்கும். இப்படி உள்ளால போனா பழைய படிக்கட்டு ஒண்ணு இருக்கு. பாதி மண்ணுல பொதஞ்சு கெடக்கு. அங்க நின்னா மட்டுந்தான் ஊருக்குள்ள ஆத்துச் சத்தம் கேக்கும்."

நான்காவது ஞாயிறு, அந்தப் படிக்கட்டில் நின்றுதான் அவள் சொன்னாள். போன ஐப்பசியில் அம்மா போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இல்லாத சமையலறையின் அமைதியைத் தாங்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியது. அப்படித்தான் அந்த வழியே உண்டானது... இளங்கோ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சாமான் குவியலருகே பதினோரு வருடத்துக்கு முன்பு நின்றவனுக்குத் தெரிந்திருந்தது, சொல்ல எதுவும் இல்லையென்று. தண்ணீரைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யாழினிக்குத் திடுக்கென்றது. 'ஐயோ... எனக்கு என்ன ஆச்சு?'

ஐந்தாவது ஞாயிறு அவன் சந்து முனையிலேயே நின்றான்.

"இனிமே வராதீங்க."

"ஏன்?"

"பாவம் பாத்து வர்றீங்க. பாவம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எங்கம்மா சனிக்கிழமையே உங்களுக்குன்னு தனியாக் கொழம்பு வெக்கறாங்க. நாளைக்கு நீங்க நின்னுட்டா மறுக்காவும் மூட்டை கட்டுன மாதிரிதான் அவங்களுக்கு."

"நான் நிக்க மாட்டேன்."

"நிக்க வெப்பாங்க." அவன் குரல் உயரவில்லை. "எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா, உங்க ஊர்ல பண்ணையாளா இருந்தவருங்க. எந்த வீதில நடக்கலாம், எதுல நடக்கக் கூடாதுன்னு அவருக்கும் ஒரு வழி இருந்துச்சு. அதுக்கு யாரும் அம்பு ஒட்டலீங்க. ஒட்டாமயே எல்லாத்துக்கும் தெரிஞ்சிருந்துச்சு. இன்னிக்கும் தெரியும். உங்கப்பாவக் கேளுங்க."

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. பிறந்ததிலிருந்து அவள் ஓடி விளையாடிய வீதிகள் அவை. வந்த வழியே திரும்பி நடந்தாள்.

இரண்டு ஞாயிறுகள் கடந்தன. மூன்றாவது ஞாயிறு விடியும்போதே மழை பிடித்தது. சரம் சரமாக, கரையே தெரியாத மழை. கதவைத் திறந்த இளங்கோ அப்படியே நின்றுவிட்டான். வாசலில் யாழினி, குடை இல்லாமல். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. இமை நுனியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

"வர வேண்டாம்னு சொன்னேனுங்களே..."

"சொன்னீங்க. இப்ப நான் சொல்றேன், கேளுங்க. பாவம்னு வந்தது ஆரஞ்சு வாங்கிட்டு வந்த ஞாயித்துக்கிழமை மட்டுந்தான்."

"அப்ப மிச்சம் மூணு ஞாயிறும்?"

"உங்களப் பாக்கத்தாங்க." சொல்லிவிட்டாள். நெற்றியில் ஒட்டிய முடியைத் தள்ளிவிட்டாள்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியும். எந்தெந்த வீதின்னு கேட்டேன். ஒவ்வொண்ணாச் சொன்னாரு. சொல்லச் சொல்லத் தலை குனிஞ்சுட்டாரு. அப்பறம் நான் சொன்னேன். இளங்கோன்னு ஒருத்தர், பேட்டர்ன் மாஸ்டர், ஆத்தோர லைன்ல ஊடு, அவரத்தான் கட்டிக்கப் போறேன்னு."

"என்னது?" அவன் குரல் கிறீச்சிட்டது. "என்கிட்டக் கேக்காமயேவா?"

"அதான் இப்பக் கேக்க வந்திருக்கேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"தட்டத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. நாலு நாளா எங்கிட்டப் பேச்சில்ல. இன்னிக்கு முன்வாசல்ல நின்னாரு. நான் பின்வாசல் வழியா வந்துட்டேன்."

உள்ளே எதுவோ தடாலென்று விழுந்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு மருதாள் வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கண்ணு... என்ன பேச்சுப் பேசற? பயமா இருக்குது சாமி."

"எனக்கும் பயந்தாங்கம்மா."

மருதாள் படியிறங்கி அவள் அருகே வந்தாள். பிறகு சேலைத் தலைப்பை உருவி அவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "அப்ப உள்ள வா. பயந்தவங்க மழையில நிக்கப்படாது."

படியேறும்போது இளங்கோ அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"நீங்க வராத ரெண்டு வாரமும்... ஸ்டேஷன்ல இருந்து கரை வரைக்கும் நான் தனியா நடந்தேனுங்க."

"எதுக்கு?"

"எந்தத் திருப்பத்துலயாவது வந்து நிப்பீங்கன்னு."