நசுங்காத கேமரா

உப்பளம் பேட்டையில் அந்த வீட்டுக் கதவை இருசப்பன் திறந்தபோது பிற்பகல் மூன்று மணி. ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. உள்ளே மட்டும் ஈரத்தோல் வாடை. சுங்க ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் பெண்டாட்டியைக் கேமராவால் கொன்ற வீடு அது என்று ஊருக்கே தெரியும். செத்தவள் ரஞ்சிதம், இருசப்பனின் தங்கை, இருபத்திரண்டு வயது. குமாஸ்தாவும் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனதால் கேஸை மூடிவிட்டு, போலீஸ் சாமான்களைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

மேசைமேல் இரண்டு கேமராக்கள், விற்பதற்கு. கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற எனக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும்.

ஒன்று ரிஃப்ளெக்ஸ். லென்ஸ் பார்ப்பதையே கண்ணும் பார்க்கும். ஆனால் பட்டனை அழுத்திய கணத்தில் உள்ளே கண்ணாடி எழும்பிக் கண் இருண்டுவிடும். தாலி கட்டும் நேரத்தில் குருடனாக நின்றால் என் பிழைப்பு என்னாவது? இன்னொன்று ரேஞ்ச்ஃபைண்டர். அதில் இருட்டாகாது. கண் வைக்கும் சின்ன ஜன்னலின் நடுவில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் துல்லியமாக விழும்.

இதெல்லாம் பிறகு சொல்லிக்கொண்ட சமாதானம். ரிஃப்ளெக்ஸின் தலை நசுங்கியிருந்தது. இடுக்கில் காய்ந்த ரத்தம், அதில் ஒட்டிய குட்டையான நரைமுடி. பார்த்ததுமே நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயதுக்காரிக்கு நரைமுடி ஏது என்று யோசிக்க எனக்குப் புத்தியில்லை.

நசுங்காததை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இருசப்பன் என் கழுத்தைப் பார்த்தபடியே பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

முத்தியால்பேட்டையில் என் வீட்டு ஜன்னலோரம் என் மனைவி அஞ்சலாட்சியை உட்காரவைத்துப் பார்த்தேன். கேமராவுக்குள் இரண்டு அஞ்சலாட்சிகள். வளையத்தைத் திருப்பினேன். ஒருத்தி மெல்ல நகர்ந்து மற்றவளை நெருங்கினாள்.

ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மற்றவளுக்கு நாக்கு வெளியே தொங்கியது.

வளையத்திலிருந்து விரலை எடுத்தேன். வளையம் தானாகத் திரும்பியது.

கேமராவைக் கட்டிலில் எறிந்துவிட்டு உப்பளத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். பயந்துவிடுவாளே என்று அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பாவம்.

இருசப்பன் என் முகத்தைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டான்.

"நசுங்குனத வச்சு அவன் அடிக்கல. உசுரு தப்பிக்க எந்தங்கச்சிதான் அவன அடிச்சா. மண்ட ஒடஞ்சும் அவன் பிடிய உடல."

"அப்ப அவன் எதால கொன்னான்?"

"நீங்க கழுத்துல மாட்டிக்கினு போனீங்களே, அந்தத் தோல்வாரு."

நான் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் ஈரத்தோல் வாடை.

அஞ்சலாட்சி தரையில் கிடந்தாள். ஆசையாக மாட்டிப் பார்த்திருக்கிறாள். வார் கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. பிடரியில் கேமரா தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வார் இறுகியது. முகம் கருநீலம். குதிகால் தரையில் உதைத்து உதைத்துத் தோல் உரிந்திருந்தது.

வாரைக் கையால் தொட எனக்குத் துணிவில்லை. காய் நறுக்கும் கத்தியை இடையில் செருகி அறுத்தேன். அவள் கழுத்தும் சேர்ந்து அறுபட்டது. சூடான ரத்தம் என் முகத்தில் பீய்ச்சியது. வார் அறுந்ததும் கேமரா உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் பிழைத்துக்கொண்டாள். கேமராவையும் வாரையும் கந்தலில் சுருட்டிக் கடலில் வீசிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள்தான் அவளுக்குக் குரல் வந்தது, உடைந்த குரல்.

"ஏங்க, ஏன் அப்பிடி இழுத்தீங்க?"

ரஞ்சிதம் நசுங்கின கேமராவால் அடித்ததுவரை எல்லாம் சொல்லி, நான் உப்பளத்தில் இருந்தேன், இருசப்பனைக் கேள் என்று கெஞ்சினேன். அவள் என் கைகளையே பார்த்தாள். நானும் விரித்துப் பார்த்தேன்.

இரண்டு உள்ளங்கையிலும் வாரின் அகலத்துக்கு ஊதாத் தழும்பு.

மறுநாள் அவள் தன் தம்பி சுப்ரமணியை உப்பளத்துக்கு அனுப்பினாள். அவன் அந்த நசுங்கின ரிஃப்ளெக்ஸை வாங்கி வந்து கொடுத்தான். இப்போது எனக்குச் சோறு போடும்போதும் அதை மடியைவிட்டு இறக்குவதில்லை. என் உள்ளங்கை அரிக்கத் தொடங்கினால், நான் சொல்வதற்கு முன்பே அவள் அதைக் கையில் எடுத்துவிடுகிறாள்.

அது அவளிடமே இருக்கட்டும்.