சண்டைக்கு விட்ட வரி

ஞாயிற்றுக்கிழமை காலை, மணி ஏழு. பார்பரா முன்னறைக் கதவைத் திறந்தபோது, நேற்று மாலை கொடிகளில் தொங்கிக்கொண்டிருந்த ருக்குமணியின் கல்யாணப் பத்திரிகைகளில் ஒன்றுகூட இல்லை.

அவள் கத்தவில்லை. வாசலிலேயே நின்றாள். தானா ராத்தா டவுனுக்குப் போகும்போதெல்லாம் பழைய மர்ம நாவல்களை வாங்கி வந்து, கடைசி அத்தியாயத்துக்கு முன்பே குற்றவாளியின் பெயரைச் சொல்லிக் கணவன் மைக்கலின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்பவள் அவள். இப்போது அவள் வீட்டிலேயே ஒரு மர்மம். கண் தன் வேலையைச் செய்தது.

சாய டின்கள் இருந்த இடத்தில் இருந்தன. பட்டுத்துணி இழுத்துக் கட்டிய அச்சுச் சட்டம் சுவரில் சாய்ந்திருந்தது. மேசைமேல் மைக்கல் மறந்து வைத்த கைக்கடிகாரம் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் மாட்டிய கிளிப்புகள் ஒன்றுவிடாமல் பிஸ்கட் டின்னுக்குள் திரும்பி, மூடியும் போட்டிருந்தது. மூலையில் கிடந்த பழைய பேப்பர் கட்டைத்தான் காணோம்.

தேயிலைப் பேக்டரியில் வேலை செய்யும் மைக்கல், கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். விஷயம் புரிந்ததும் தூக்கம் பறந்துவிட்டது.

"போலீசுக்குச் சொல்லிருவோம்லா. மோட்டரை எடுத்தா தானா ராத்தா ஸ்டேசன் பக்கந்தானே."

"ஜீப்பு லயத்துக்குள்ள வந்துச்சுன்னா ருக்கு கல்யாணம் அதுலயே ஏறிப் போயிரும். சும்மா இருங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பீடோரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இன்று பிற்பகல் மலையேறி வருகிறார்கள். வெற்றிலைத் தட்டில் முதல் பத்திரிகையை வைத்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா சகுனம் பார்ப்பதில் மன்னன். பூனை குறுக்கே போனதற்காக நிறைந்த பஸ்ஸை விட்டு இறங்கிய மனிதர் என்று கேள்வி. பத்திரிகை காணாமல் போனது என்று அவர் காதில் விழுந்தால் போதும், வந்த காரிலேயே திரும்பிவிடுவார்.

அதோடு பார்பராவின் பிழைப்பும் போகும். அவள் வீட்டிலேயே பத்திரிகை அச்சடிக்க ஆரம்பித்து மூன்று வருஷம்தான் ஆகிறது. எண்பதாம் வருஷத்துக்கு முன்னால் இந்தத் தோட்டத்தில் கல்யாணம் என்றால், தரகர் செல்லையாவிடம் சொல்லி ஈப்போ அச்சகத்திலிருந்து வரவழைக்க வேண்டும். எல்லார் பத்திரிகையிலும் ஒரே பிள்ளையார், ஒரே வாழைமரம். பார்பராவோ ஆளைப் பார்த்து வரைவாள். சர்ச்சுக் கல்யாணங்கள் எல்லாம் அவளிடம் வந்துவிட்டன. ஆனால், வேதக்காரப் பொம்பளை கையால் பிள்ளையார் போடலாமா என்று மற்றவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை உடைத்தவள் ருக்குமணி. இவளிடம்தான் அடிக்க வேண்டும் என்று அப்பாவிடம் ஒற்றைக்காலில் நின்று, இரண்டு மாலை இங்கே வந்து உட்கார்ந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிரிக்கும் பிள்ளையாரைத் தேர்ந்தெடுத்தாள். இன்று பத்திரிகை இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும்? கை ராசியில்லாதவள் என்று சொல்லும்.

"கதவைப் பூட்டுனியா?" என்றான் மைக்கல்.

"இந்த லயத்துல எவன் வீட்டுக்குப் பூட்டு இருக்கு?"

நேற்று மாலை திடலில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். லயமே அங்கேதான் இருந்தது. இவர்களும் போயிருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் முன்னறையை எட்டிப் பார்க்காமலே படுத்துவிட்டார்கள். கடைசியாக அடித்த சிவப்பு அப்போது காயக்கூட இல்லை. இந்த மூடுபனியில் எந்தச் சாயமும் லேசில் காயாது.

"எடுத்தவன் கெடுக்க நெனைக்கலங்க," என்றாள் பார்பரா. "கெடுக்கிறவனா இருந்தா அள்ளி அடுப்புல போட்டிருப்பான். இது ஒவ்வொன்னா எறக்கி, ஒன்னோட ஒன்னு ஒட்டாம நடுவுல பேப்பர் வச்சு, கிளிப்பையும் டின்னுல போட்டு மூடியிருக்கு. நான் எப்படிச் செய்வேனோ அப்படி."

"அப்ப நீதான் எடுத்த," என்றான் மைக்கல்.

அவள் முறைத்த முறைப்பில் அவன் பல் விளக்கப் போய்விட்டான்.

மணி எட்டு. முதல் வேலையாகப் பெண் வீட்டுக்குப் போனாள். ஒருவேளை அவர்களே அவசரப்பட்டு எடுத்துப் போயிருக்கலாமே என்று ஒரு நப்பாசை. பெண்ணின் அப்பா சிங்காரம் தோட்டத்து லோரி ஓட்டுநர். வீட்டு நடுவில் ஒரு தேயிலைப் பெட்டிமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகையை எப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அவரே கேட்டதும் நப்பாசை செத்தது. இன்னும் காய்கிறது, மதியம் நானே கொண்டுவருகிறேன் என்று பார்பரா வாய் கூசாமல் சொன்னாள்.

அம்மா மாரியம்மா மசாலை அரைத்துக்கொண்டே பாக்கியிருக்கும் வேலைகளை அடுக்கினாள். பந்தலுக்குச் சொல்லவில்லை, தவில்காரர் பதில் போடவில்லை, மருதாணி இலை அடுத்த வாரம்தான் தாப்பாவிலிருந்து வரும், இந்தக் குளிரில் யார் வீட்டில் அது தழைக்கிறது, தையல்காரன் ஜாக்கெட்டை இன்னும் தரவில்லை. ருக்குமணி கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மறுகையின் வெறும் உள்ளங்கையில் இரண்டு முறுக்கை வைத்து நீட்டினாள். விரல் நுனியெல்லாம் சிவந்து, குனிந்த தலை நிமிரவில்லை. கல்யாணக் களை வந்துவிட்டது என்று பார்பரா நினைத்துக்கொண்டாள்.

மணி ஒன்பதரை. மைக்கலையும் கூட்டிக்கொண்டு செல்லையா வீட்டு வாசலில் நின்றாள். ஈப்போ அச்சகத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர், பார்பரா வந்ததிலிருந்து அந்த வரும்படி போனவர்.

"நேத்து படத்துக்கு வந்தீங்களாண்ணே?"

"வந்தேன்."

"முழுசும் பாத்தீங்களா?"

"தூறல் விழுந்துச்சு. எந்திரிச்சுட்டேன்."

"எங்க போனீங்க?"

"வீட்டுக்கு. ஏன், பத்திரிகையைக் காணோமா?"

மைக்கல் சட்டென்று நிமிர்ந்தான். எப்படித் தெரியும் என்று பார்பரா கேட்டாள்.

"சர்ச்சு மணி அடிச்சிருச்சு. பத்திரிகை குடுக்கிற அன்னைக்கு நீ சர்ச்சுக்குப் போகாம இங்க நிக்கிற. வேற எதுக்கு நிப்ப?" செல்லையா வெள்ளைச் சட்டையின் கைப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நகம்கூட வெள்ளையாக இருந்தது. "நான் ஒருநாளும் ஒன் வீட்டு வாசப்படி மிதிச்சதில்லம்மா. ஆனா கெடைக்கலன்னா சொல்லு. ஈப்போவுல சொல்லி அவசரத்துக்கு அடிக்கலாம். அந்தப் புள்ள கல்யாணம் நிக்கக் கூடாது."

போட்டிக்காரர் வாயிலிருந்து இப்படி வரும் என்று பார்பரா எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு நடந்தாள்.

மிச்சமிருந்தவர் ஒருவர்தான். கருப்பையா. பெண்ணின் தாய்மாமன், மாரியம்மாவின் கூடப்பிறந்தவர். போன வருஷக் கோயில் திருவிழாவில், கமிட்டியில் இருந்த இவர், முதல் பரிவட்டத்தை மச்சான் சிங்காரத்துக்குக் கட்டாமல் வேறொருவருக்குக் கட்டிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. பார்பரா எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு சிங்காரம் வந்து, கருப்பையா பெயர் வரக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். தாய்மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகையா என்று கேட்டதற்கு, நான் பொண்ணைப் பெத்தவன் என்று பதில் வந்தது. பெயர் இல்லாமலே அடித்தாள். அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. பூவோ கொடியோ போட்டு அவள் அதை நிரப்பவில்லை.

மணி பதினொன்று. மாரியம்மன் கோயில். கருப்பையா ஏணிமேல் நின்று சுவருக்குக் காவிப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை சிவப்பு.

"கையும் களவுமா," என்று மைக்கல் காதோரம் முணுமுணுத்தான்.

கருப்பையா இறங்கி வந்தார். பார்பரா ஒளிக்காமல் சொன்னாள். அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"என் பேரு இல்லாத பத்திரிகைய நான் தொடவே மாட்டேன் தங்கச்சி. ஆனா, அதத் திருடி அந்தப் புள்ள வாழ்க்கையிலயா வெளையாடுவேன்? சீர்ச் சேல எடுத்து வச்சிருக்கேன். கூப்பிடாட்டியும் கல்யாணத்தன்னைக்கு வாசல்ல வச்சுட்டு வந்துருவேன்."

சொல்லும்போது குரல் உடைந்தது. அதை மறைக்கக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். சிவப்பெல்லாம் தண்ணீரோடு ஓடி, கை சுத்தமாகிவிட்டது. பார்பரா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும், மண்ணெண்ணெயில் துடைக்கும் வரை போகாத அச்சுச் சிவப்பு நகக்கண்ணில் இன்னும் மிச்சமிருந்தது.

"அட," என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, மதியம் நீங்க என்கூட ஒங்க மச்சான் வீட்டுக்கு வரணும்."

"மாட்டேன்."

"பத்திரிகை கெடைக்கணும்னா வரணும்."

மணி இரண்டு. சிங்காரம் புது வேட்டியில், அதே தேயிலைப் பெட்டிமேல். வாசலில் பார்பரா, பின்னால் கருப்பையா, அதற்கும் பின்னால் அச்சுச் சட்டத்தையும் சாய டின்னையும் சுமந்துகொண்டு, எதற்கென்று தெரியாமல் மைக்கல். வேடிக்கையை விட மனமில்லாத செல்லையாவும் வந்துவிட்டார். மச்சானைக் கண்டதும் சிங்காரத்துக்கு முகம் கடுத்தது.

"பத்திரிகை நேத்து ராத்திரி திருடு போச்சுண்ணே," என்றாள் பார்பரா. மாரியம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. எடுத்தவங்களுக்குப் பத்திரிகைமேல பாசம். பேப்பர் சொருகி, கிளிப்ப டின்னுல போட்டு எடுத்திருக்காங்க. நான் வேல செய்யுறதப் பக்கத்துல ஒக்காந்து பாத்தவங்களாலதான் அது முடியும். செல்லையாண்ணன் என் வாசப்படி மிதிச்சதில்ல. கருப்பையாண்ணனும் வந்ததில்ல, அவரு கையில இருந்த சிவப்பும் தண்ணிக்கே போயிருச்சு. பத்திரிகையத் தொட்ட சிவப்பு தண்ணிக்குப் போகாது. ருக்கு, கையக் காட்டு."

"கல்யாணப் பொண்ணு கையில மருதாணி இருக்காதா?" என்றார் சிங்காரம்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்போம். நானும் காலையில அப்படித்தான் ஏமாந்தேன். ஆனா மருதாணி எல அடுத்த வாரம்தான் வருதுன்னு மாரியம்மாக்கா சொன்னாங்க. அதோட, நம்ம பக்கத்துல விரல் நுனிக்கு மருதாணித் தொப்பி போட்டா, உள்ளங்கையில வட்டப் பொட்டு வைக்காம விடுவமா? இவ உள்ளங்கை வெறுங்கை. முறுக்கு வச்சுக் குடுத்தப்ப பாத்தேன்."

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ருக்குமணியின் விரலை ஒரு இழு இழுத்தாள். மருதாணி என்றால் அசையாது. துணி சிவந்தது. விரல் வெளுத்தது.

ருக்குமணி நிமிர்ந்தாள்.

"மாமா மடியில ஒக்கார வச்சுத்தானேப்பா எனக்குக் காது குத்துனீங்க? அவரு பேரு இல்லாத பத்திரிகை இந்த மலைய விட்டு எறங்கக் கூடாதுன்னு நெனச்சேன். அக்கா போட்ட பிள்ளையாரக் கிழிக்க மனசு வரல. அதான் ஒளிச்சு வச்சேன்." பார்பரா பக்கம் திரும்பினாள். "ஒங்க பேரு கெட்டுப்போகும்னு எனக்குத் தோணலக்கா. மன்னிச்சிருங்க."

"எங்கடி வச்ச?" என்றார் சிங்காரம்.

"நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அதுக்குள்ளதான்."

சிங்காரம் தீயை மிதித்தவர் போல எழுந்தார். பெட்டிக்குள் ஈயத்தாளுக்கு நடுவே, பேப்பர் சொருகி அடுக்கிய பத்திரிகைகள் கலையாமல் கிடந்தன. காலையிலிருந்து களவுப் பொருளுக்குக் காவல் இருந்தவர் அவர்தான். செல்லையா முதலில் சிரித்தார். அப்புறம் மாரியம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

சிங்காரம் மச்சானைப் பார்த்தார். கருப்பையாவின் புருவத்தில் ஒரு தீற்றல் காவி கழுவப்படாமல் ஒட்டியிருந்தது. மகள் கண்ணில் தண்ணீர். தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சுவரிடம் கேட்டார்: "இனிமே எங்கிட்டுப் பேரு போடுறது? எடம் வேணுமே, நேரம் வேணுமே."

பார்பரா இதற்காகத்தான் காத்திருந்தாள். சட்டத்தைத் திருப்பி, பட்டுத்துணியில் ஒட்டியிருந்த டேப்பை உரித்தாள். அடியில் 'தாய்மாமன் கருப்பையா' என்று எழுத்துகள் புத்தம் புதிதாக இருந்தன.

"எழுதுனத நான் அழிக்கலண்ணே, மூடித்தான் வச்சேன். எந்தக் கல்யாணமா இருந்தாலும் சண்டைக்குன்னு ஒரு வரி விட்டு வைப்பேன். கடைசி நேரத்துல யாராச்சும் ஒருத்தர் உள்ள வருவாங்க."

சாயத்தை ஊற்றியதும், நான் இழுக்கிறேன் என்று சிங்காரமே சாயம் பரப்பும் ரப்பர்க் கட்டையைப் பிடித்தார். நகராமல் இருக்கப் பத்திரிகையைக் கருப்பையா அழுத்திக்கொண்டார். இருவர் விரலும் சிவந்தன. முதல் பத்திரிகை தட்டில் ஏறவும், கீழே கார் ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது.

பெரியப்பா உள்ளே வந்து உட்கார்ந்து, வெற்றிலைக்கு நடுவிலிருந்து பத்திரிகையை எடுத்தார். ஈரம். கட்டைவிரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. அவர் விரலைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், சம்பந்தியின் சிவந்த கையையும் தாய்மாமனின் சிவந்த கையையும் பார்த்தார்.

"பத்திரிகையே குங்குமம் வைக்குதே," என்றார் மெதுவாக. "என் ஆயுசுல இப்படி ஒரு சகுனத்தப் பாத்ததில்ல. யாரு அடிச்சது இத?"

ருக்குமணி பார்பராவின் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். மைக்கல் மண்ணெண்ணெய்ப் புட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

தன் மகனுக்குத் தையில் கல்யாணம், இதே மாதிரி விரலில் ஒட்டுகிற பத்திரிகைதான் வேண்டும் என்றார் பெரியப்பா. பார்பராவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"கண்டிப்பா செஞ்சு தர்றேங்க. மொதல்ல ஒன்னு மட்டும் சொல்லுங்க. ஒங்க வீட்டுல யாரு யாருகூடப் பேசுறதில்ல?"