இரண்டு மைக்கும் ஒரு முனகலும்

நான் அவளைப் பார்ப்பதற்கு முன்பே என் வாத்தியம் அவளுடைய மைக்கைத் தள்ளிவிட்டது.

வாத்தியம் என்றால் சின்னதாக எதையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். டபுள் பேஸ், நிற்க வைத்த ராட்சத வயலின். என்னைவிட உயரம், என்னைவிட நல்ல இடுப்பு. அதைக் கதவுக்குள் கொண்டுபோவது, கோபித்துக்கொண்டு கிளம்பிய பெரியம்மாவைக் காரில் ஏற்றுவது மாதிரி... தாஜா பண்ணி, முதுகைக் காட்டிக்கொண்டு, பின்புறமாகத்தான் போக வேண்டும். போனேன். பின்னால் ‘டங்’ என்றது.

திரும்பினால், சாய்ந்த ஸ்டாண்டை ஒருத்தி பாய்ந்து கட்டிப் பிடித்திருந்தாள். மைக்குக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம்.

“யாரது?”

“பேஸ்...”

“பேஸ் தெரியுது. அதுக்குப் பின்னாடி இருக்கிற ஆள் யாரு?”

எட்டிப் பார்த்தேன். “நான்தாங்க. மாத்து ஆள்.”

“நூல் பிடிச்சு, அளந்து, காலையில இருந்து ஒவ்வொரு விரக்கடையா நகர்த்தி வச்ச மைக் இது. தெரியுமா?”

“வேணும்னா வெளிய போயிட்டு மறுபடி ஒழுங்கா வரட்டுமா?”

“வேணாம். எதையும் தொடாம அங்கயே நில்லுங்க. மூச்சு மட்டும் விடலாம்.”

விட்டேன். கொஞ்சம் பெருமூச்சாகவே வந்தது.

என்னை அங்கே அழைத்தது என் திறமை அல்ல. வழக்கமான பேஸ்காரருக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிப் படுத்துவிட்டார். ஊரில் அன்று வேலையில்லாமல் இருந்த ஒரே பேஸ்காரன் நான். அன்றென்ன, அனேகமாக என்றுமே நான்தான்.

ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. தலைப்புப் பாட்டு. பதிவு செய்பவள் அவள். சாக்ஸஃபோன் அவளுடைய அண்ணன். ஆல்பமே அவர் கனவு. கஞ்சிரா வாசிப்பவர் எந்தத் தாளத்தையும் வேகமாக்கிவிடுவார் என்பதால் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். என்னையும் சேர்த்தால் நான்காவது, கடல் தாண்டி வந்த விருந்தாளி. பெரிய சுரைக்குடுக்கையில் இருபத்தோரு தந்தி கட்டிய கோரா என்ற வாத்தியத்தை மடியில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு சுட்டுவிரலாலும் அருவியை இறக்குகிற மனிதர். எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாது. எல்லாவற்றுக்கும் சிரிப்பார். அவருக்கு அன்று சாயங்காலமே விமானம்.

எல்லாரும் ஒரே அறையில், வட்டமாக. நடுவில் இரண்டே இரண்டு மைக். ஒயரில் செருகும் வாத்தியம் கிடையாது, வெட்டு ஒட்டு கிடையாது. ஒருவர் தும்மினால் நான்கு பேர் பாட்டும் போச்சு. மரத்தரை போட்ட அந்தப் பழைய கூடத்தின் காற்றும் சேர்ந்து பதிய வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

அதற்காக அவள் ஃபிரிட்ஜை அணைத்தாள். மின்விசிறியை அணைத்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்து அறையில் மெத்தைக்கு அடியில் வைத்தாள். எங்கள் செருப்பு, சாவிக்கொத்து, என் கைக்கடிகாரம் எல்லாம் வெளியே போயின. உட்காரும்போது என் முழங்கால் சொடக்குப் போட்டது. அதையும் கழற்றி வைக்கச் சொல்வாளோ என்று பயந்துவிட்டேன்.

இந்த இடத்தில் அவள் கண்களைப் பற்றி எழுத வேண்டும். ஆசைதான்... ஆனால் அவை மூடியே இருந்தன! ஹெட்ஃபோனை மாட்டியதும் மூடிக்கொள்வாள். இமை மட்டும் பாட்டோடு சேர்ந்து லேசாகத் துடிக்கும். நான் அந்த இமைகளுக்காகவே வாசித்தேன். தாளில் இருந்த சுரங்களுக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் டேக். இரண்டாவது டேக். கோரா பொழிய, கஞ்சிரா அதைத் துரத்த, சாக்ஸ் இரண்டுக்கும் மேலே பட்டம் விட்டது. அடியில் நான் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரமாதம் என்று நினைத்தேன். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். முகம் சுருங்கியது.

“என்ன இது? தேனீ ஏதாவது புகுந்துடுச்சா?”

ஜன்னல்களைப் பார்த்தோம். எக்ஸ்பிரஸ் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார். “அண்ணே, தேனீ நல்ல சுருதியில இருக்கே! பேஸோட கூடவே போகுது பாருங்க...”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளைத் தவிர. அவள் ஏதோ ஒயரை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

“நானா? சான்ஸே இல்ல,” என்றேன்.

“எங்க, நாலு சுரம் வாசி,” என்றார் அண்ணன்.

வாசித்தேன். விரல் நகர்ந்த அதே நொடியில் ‘ம்ம்... ம்ஹும்ம்...’ என்று ஒரு முனகல். அது என் மூக்கிலிருந்துதான் கிளம்பிக்கொண்டிருந்தது! இத்தனை வருஷமும் நான் வாசித்த இடங்கள் ஹோட்டல்களும் விருந்துகளும். கரண்டிச் சத்தமும் வாய்ச் சத்தமும் என்னிடமிருந்தே என்னை மறைத்து வைத்திருந்தன. காது இரண்டும் சூடேறின.

“இனிமே வராதுங்க. கர்ச்சீப் இருக்கு.”

கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்து, முனகல் எழும்போதெல்லாம் அதைக் கடித்துக்கொண்டு மூன்றாவது டேக் வாசித்தேன். தேனீ இல்லை. முனகல் இல்லை. பல் பிடுங்கப்போனவன் மாதிரி உட்கார்ந்து, ஒரு சுரம் பிசகாமல் முடித்தேன்.

“சுத்தம்! இதுதான்,” என்றார் அண்ணன்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாம்ணா.”

சொல்லி வாய் மூடவில்லை... தகரக் கூரையில் மழை கொட்டியது.

மற்ற கதைகளில் மழை வந்தால் கதாநாயகி ஓடிப்போய் நனைவாள். இவள் இடுப்பில் கை வைத்துக் கூரையை முறைத்தாள். அந்தச் சத்தத்தில் பதிவாவது ஒன்றாவது! விருந்தாளியை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகும் கார் வாசலில் வந்து நின்றேவிட்டது. இருக்கிற கொஞ்ச நேரத்தில் மழை விட்டால் உண்டு.

கதவோரம் போய் நின்றேன். அவளும் வந்தாள். சாரல் எங்கள் கால் விரல்களை மட்டும் நனைத்தது.

“கோபமா?” என்றேன்.

“ஈரம் அதிகமானா கஞ்சிரா தோல் தொய்ஞ்சிடும்.”

“நான் கேட்டது உங்களை.”

“எனக்குத் தோல் கெட்டி.”

சிரித்துவிட்டேன். அவளுக்கும் உதட்டோரம் துடித்தது, அடக்கிக்கொண்டாள். இவளிடம் எதைக் கேட்டாலும் பதில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டும் போலிருக்கிறது. நானும் எதையும் நேராகக் கேட்கிற ஆள் இல்லையே... ஜோக்கில் சுற்றித்தான் நீட்டுவேன். இரண்டு பேரும் இப்படியே நின்றால் மழைதான் கடைசியில் வாயைத் திறக்க வேண்டும்.

“என்னோட முனகல் முதல் டேக்லயே உங்களுக்குக் கேட்டிருக்குமே? கடிகாரத்துக்கே மெத்தை போட்டவங்க நீங்க.”

கால் விரல்களைச் சாரலிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, “கேட்டுச்சு” என்றாள்.

“அப்புறம் ஏன் சொல்லல?”

“மழை குறையுதா பாருங்க.”

“குறையல. மூணாவது டேக் நல்லா இருந்துச்சா?”

“சுத்தமா இருந்துச்சு.”

“நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்.”

“இது அண்ணனோட ஆல்பம். தூக்கத்துலகூட இதைத்தான் உளறுவான். எது நல்லா இருக்குன்னு அவன் சொல்வான், நான் பதிவு பண்ணுவேன். எனக்கு எது பிடிக்கும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கிறேன். எது பிடிச்சிருக்கு?”

முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்... கண்கள்! பழுப்பில் கொஞ்சம் தேன் கலந்த மாதிரி. சோர்வாக, கூர்மையாக, ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடிவிடும் போல. நான் வாயடைத்து நின்றேன். என் வாழ்க்கையில் கைக்குட்டை இல்லாமலேயே அது நடந்தது அன்றுதான்.

“மழை விட்டுடுச்சு,” என்று உள்ளே போய்விட்டாள்.

நிஜமாகவே விட்டிருந்தது.

நாங்கள் வட்டமாக உட்கார்ந்தோம். நான் கைக்குட்டையைச் சுருட்டினேன். அவள் வந்து அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

“ஏய், என்ன பண்றே?” என்றார் அண்ணன்.

“சுத்தமான டேக் கையில இருக்குண்ணா. இது எனக்கு. ஒரே ஒரு தடவை.” என் பக்கம் திரும்பினாள். “எப்பவும் எப்படி வாசிப்பீங்களோ, அப்படி.”

கையை உயர்த்தினாள். இறக்கினாள்.

ஐயோ, அந்த நிமிஷங்களை எப்படிச் சொல்வேன்! முதல் தட்டிலேயே எக்ஸ்பிரஸ் பறந்தார். நான் அவரை இழுத்துப் பிடிக்கவில்லை, கூடவே ஓடினேன். கோராவின் தந்திகள் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் மாதிரி எங்கள் நடுவே தெறித்தன. சாக்ஸ் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டது. என் நெஞ்சுக்குள் மரம் அதிர்ந்தது, மூக்கு பாடியது, பாடட்டும் என்று விட்டேன். பாதியில் விருந்தாளி என்னைப் பார்த்துச் சிரித்து, அவரும் முனக ஆரம்பித்தார்! நிமிர்ந்தேன். ஹெட்ஃபோனுக்கு நடுவே அவள் கண்கள் திறந்திருந்தன. பதிவு நடக்கும்போது திறந்திருந்தன. என்னையே பார்த்துக்கொண்டிருந்தன...

கடைசிச் சுரம். இங்கே ஒரு சட்டம் உண்டு. ஒலி அடங்கி, அறையின் எதிரொலியும் அடங்கி, அவள் கை இறங்கும்வரை யாரும் அசையக்கூடாது. அவள் கை உயர்ந்தே இருந்தது. ஒலி போயிற்று. எதிரொலி போயிற்று. கை இறங்கவில்லை. எக்ஸ்பிரஸுக்கு மூக்கு அரித்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. நானும் அவளும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

“இறக்கேன்!” என்றார் அண்ணன். இறக்கினாள்.

விருந்தாளி கோராவை உறையில் இட்டு, எல்லாரையும் கட்டிக்கொண்டு, என் முனகலையே முனகிக்கொண்டு காருக்குப் போனார். அண்ணன் மட்டும் அசையவில்லை.

“நல்லா வந்துச்சு. ஆனா ஆல்பத்துல மூணாவதுதான்.”

“இல்லண்ணா. நாலாவது.”

“கேக்கிறவன் என்ன நினைப்பான்? யாரோ பல்வலியில முனகுறான்னு நினைப்பான். நீ என் தங்கச்சியா, இவன் வக்கீலா?”

“நான் இந்தப் பதிவோட எஞ்சினியர். மூணாவது டேக்ல நாலு பேரும் பயந்து பயந்து வாசிச்சிருக்கீங்க. அதைப் போடறதா இருந்தா, அட்டையில இருந்து என் பேரை எடுத்துடு.”

குரல் நடுங்கியது. பார்வை நடுங்கவில்லை. நான் குறுக்கே ஒரு ஜோக் சொல்லலாமா என்று யோசித்து, வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டாம் என்று விட்டேன்.

அண்ணன் ஹெட்ஃபோனை மாட்டினார். மூன்றாவதைக் கேட்டார். நான்காவதைக் கேட்டார். மறுபடி நான்காவதையே கேட்டார். கால் கட்டைவிரல் தாளம் போட ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்ட தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சனியன்... உயிரோட இருக்கு,” என்றார் கடைசியில். “போடு. இவன் மூக்குதான் கொஞ்சம் ஓவரு.”

“பேஸை ரெண்டடி பின்னால வச்சிருக்கணும். அது என் கணக்குத் தப்பு.”

“இவ்வளவு சண்டை போட்டுட்டு இப்ப ஒத்துக்கிறா பாரு!” எக்ஸ்பிரஸின் தோளைத் தட்டிக்கொண்டே அண்ணன் வெளியே நடந்தார்.

கூடத்தில் நாங்கள் இருவரும்தான். அவள் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பேஸை உறையில் திணித்தேன். பாட்டு முடிந்துவிட்டது. கன்னம் வடிந்ததும் பழைய பேஸ்காரர் வந்துவிடுவார். நாளைக்கு இந்தக் கதவைத் தட்ட எனக்கு ஒரு காரணமும் கிடையாது.

“அடுத்த ஆல்பத்துக்கு யாருக்காவது பொன்னுக்கு வீங்கி வந்தா சொல்லுங்க, ஓடி வர்றேன்...”

“ஜோக்கா?”

“ஆமா. இல்ல. அது வந்து... பெரியம்மா, அதாவது என் பேஸ், உங்க மைக்கைத் திரும்பப் பார்க்கணும்னு ஆசைப்படுது...”

“அய்யோ, போதும்!” ஒயரைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றாள். “சுத்தி வளைக்காம ஒரே ஒரு தடவை கேளுங்களேன்.”

உறையின் ஜிப் பாதியில் நின்றது. நாக்கு நுனியில் மூன்று ஜோக் வரிசையில் நின்றன, மூன்றையும் விழுங்கினேன்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நாளைக்கும் பார்க்கணும். அப்புறமும் பார்க்கணும். உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?”

அவள் கூரையைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“பிடிச்சிருக்கு,” என்றாள். “ரொம்ப.”