நாற்பத்தேழாம் பக்கத்தில் யாரும் இல்லை

பெருமதிப்புக்குரிய பொதுமக்களே, சற்றே எழுந்து நில்லுங்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்தையும் நெரிசலையும் ஒழித்து மனிதகுலத்தைக் கரையேற்றும் பொருட்டு, மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய சாலை, அளங்களையும் சேர்த்து விழுங்கி அகலமாக்கப்படவிருக்கிறது. அதற்கான சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில், பச்சை அட்டையில் தயார். அதை முழுதாகப் படித்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான்.

அவர் உப்புத் தண்ணீரில் செத்துக் கிடந்தார்.

2005, மே மாதம். காலை ஆறரை மணி.

இன்ஸ்பெக்டர் பஞ்சநாதன் பிணத்தைப் பார்த்தார். புரொபசர் கலியமூர்த்தி. ரிட்டையர்ட் ஆசாமி. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர். பின்மண்டை பிளந்திருந்தது. திறந்த வாய்க்குள் உப்பு...

பிணத்தைப் பாத்தியிலிருந்து வரப்புக்கு இழுத்துப் போட்டவன் உப்பளத் தொழிலாளி கொளஞ்சி. சட்டையெல்லாம் ரத்தம். போதாதா?

போதாதென்றால் இன்னொன்றும் இருந்தது. முந்தின நாள் கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கொளஞ்சி எழுந்து, முந்நூறு பேர் முன்னிலையில் புரொபசரிடம் ஒரு கருத்துச் சொல்லியிருந்தான்.

"சார், இதுல நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா, உங்கள அளத்துலயே ஊறப் போட்டுடுவேன்."

கருத்துக் கேட்டவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவர்கள் குறித்துக்கொண்ட ஒரே கருத்து அதுதான்.

எட்டு மணிக்குக் கொளஞ்சி லாக்கப்பில் இருந்தான். எட்டரைக்கு அவன் மனைவி சரஸ்வதி ஸ்டேஷன் வாசலில் நின்றாள். கூடவே பத்துப் பெண்கள். கால் வெடிப்புகளில் உப்பு காயவில்லை.

"சார், எங்க வூட்டுக்காரரு கொல்லல. கொன்னது அந்த வெள்ள ஸ்கார்ப்பியோக்காரன். பதினோரு பேரு பாத்தோம்."

பஞ்சநாதன் பேனாவைக் கீழே வைத்தார்.

வெள்ளை ஸ்கார்ப்பியோ ராஜ்கமலுடையது. ஆய்வறிக்கை தயாரித்த கம்பெனியின் முதலாளி. கழுத்தில் டை, வாயில் 'சஸ்டெய்னபிள்'.

சரஸ்வதி நடந்ததைச் சொன்னாள். விடியற்காலை. புரொபசர் சாலையோர வரப்பில் நின்று பறவை எண்ணிக்கொண்டிருந்தார். ராஜ்கமல் பின்னாலேயே வந்து ஃபைலை நீட்டினான். அறிக்கையில் மரக்காணம் தேயிலைத் தோட்டங்களுக்குப் புகழ்பெற்றது என்று இருக்கிறதே, எந்த ஊரிலிருந்து காப்பியடித்தாய், இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று புரொபசர் கத்தினார். ராஜ்கமல் சுற்றும் முற்றும் பார்த்தான். சாலையை அளக்கிற இரும்புக் கம்பியை ஓங்கினான். அடித்துவிட்டு ஓடினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினோரு பேர் இருக்கீங்க. தெரிஞ்சே எப்படிம்மா அடிப்பான்?"

"உப்புக் குவியலுக்கு அந்தாண்ட குனிஞ்சி வாரிட்டிருந்தோம் சார். அவனுக்கு நாங்க அங்க இருப்போம்னே தெரியாது. அவன் ஆளுங்க சர்வே எடுக்க வந்ததெல்லாம் உச்சி வெயில்ல. அந்நேரத்துக்கு அளத்துல எவன் நிப்பான்? கண்ணு அவிஞ்சிடும். நாங்க இருட்டுல எறங்கி எட்டு மணிக்கெல்லாம் ஏறிடுவோம்."

பஞ்சநாதன் பச்சை அட்டையைப் புரட்டினார். பக்கம் நாற்பத்தேழு. 'உப்பளங்கள் கைவிடப்பட்டவை. எந்நேரமும் ஆள் நடமாட்டம் இல்லை.'

உலகத்தில் எத்தனையோ முட்டாள் கொலைகாரர்கள் உண்டு. தான் எழுதிய பொய்யைத் தானே நம்பிக் கொலை செய்தவன் இவன் ஒருவன்தான்!

ஜீப்பை எடுத்தார். வழியிலேயே செல்போன் அலறியது. ஒரு பெரிய அதிகாரி. உடனே வரச் சொன்னார்.

ஏ.சி. அறை. தட்டில் வறுத்த முந்திரி. மேஜை மேல் அறிக்கை. கடைசிப் பக்கத்தில் புரொபசரின் கையெழுத்துகூட இருந்தது. தேதியைப் பார்த்தார் பஞ்சநாதன். நாளைய தேதி. செத்த பிறகும் என்ன கடமை உணர்ச்சி!

அதிகாரி முந்திரி மென்றபடி விளக்கினார். பதினோரு பேர் சாட்சி சொன்னால், அளத்தில் ஆள் இருந்ததாகிவிடும். ஆள் இருந்தால் அறிக்கை பொய். அறிக்கை பொய்யென்றால் திட்டம் போச்சு. மந்திரி அடிக்கல்லில் பெயர்கூடச் செதுக்கியாகிவிட்டது.

"அதனால அங்க யாரும் இல்ல. புரியுதா பஞ்சநாதன்?"

புரிந்தது.

ஸ்டேஷனுக்குத் திரும்பி சரஸ்வதியிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவள் அழவில்லை. கம்பிக்குப் பின்னால் இருந்த கொளஞ்சியைப் பார்த்தபடி கேட்டாள்.

"அங்க யாருமே இல்லன்னு கவர்மென்ட்டே சொல்லுதா சார்?"

"ஆமாம்மா."

"அப்ப எங்க வூட்டுக்காரரும் அங்க இல்லதானே? இல்லாதவர எப்டி சார் உள்ள வெச்சிருக்கீங்க?"

பஞ்சநாதன் அதை அப்படியே அதிகாரியிடம் போனில் கேட்டார். எதிர்முனையில் முந்திரி மெல்லும் சத்தம் நின்றது.

"விட்டுத் தொலைங்க."

கொளஞ்சி வெளியே வந்தான். புரொபசர் வரப்பில் வழுக்கி விழுந்து செத்ததாக ஃபைல் மூடப்பட்டது.

மூன்றாம் நாள் ராஜ்கமல் கண்களில் சோகமும் கையில் ஸ்வீட் பாக்ஸுமாக ஸ்டேஷனுக்கு வந்தான். புரொபசர் தனக்குத் தகப்பன் மாதிரி என்றான். அவர் பெயரில் ஒரு மரம் நடப்போவதாகவும் சொன்னான்.

அப்போது ஃபேக்ஸ் மெஷின் நாக்கை நீட்டியது.

மரக்காணம் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரம் முன்பே! கடிதம் வேறொரு செக்ஷனில் தூங்கியிருக்கிறது. கீழே பெரிய அதிகாரியின் கையெழுத்தில் ஒரு வரி: 'இனி அறிக்கையைப் பற்றிக் கவலை இல்லை. சட்டப்படி செய்யவும்.'

ராஜ்கமல் எழுந்தான். "அப்ப நான் கெளம்பறேன் இன்ஸ்பெக்டர்."

"உக்காருங்க சார். பதினோரு பேருக்கு இப்பதான் உயிர் வந்திருக்கு."

ஸ்கார்ப்பியோவின் பின் சீட்டுக்கடியில் இரும்புக் கம்பி கிடந்தது. நுனியில் நரைமுடி.

கோர்ட்டில் விசாரணையின் முதல் நாள். பதினோரு பெண்களும் துவைத்த புடவையில் அளத்து ஸ்டாப்பில் பஸ் ஏறினார்கள். அகலமாகாத சாலையின் வளைவில் இரண்டு லாரிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ரிவர்ஸ் எடுக்க இருவருக்கும் மானம் இடம் தரவில்லை. பின்னால் நாலு கிலோமீட்டருக்கு வண்டிகள்.

கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை.

சாட்சிகள் யாரும் வராததால் ராஜ்கமலுக்கு ஜாமீன் கிடைத்திருந்தது.